சைக்கிள் ரிம் பெண்டு எடுப்பதா, புது ரிம் போடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரம் கோணலாக ஓடுகிறது. ரிம்மை மாற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கோணலாக ஓடும் எல்லாச் சக்கரத்திலும் ரிம் வளைந்திருப்பதில்லை. முதலில் வேறு மூன்று காரணங்களைக் கழித்துவிடுங்கள்.

ஒன்று, அச்சின் கோன், அதாவது பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு, லூஸ். ஃபோர்க்கை ஒரு கையால் பிடித்து, ரிம்மை மறு கையால் இடமும் வலமும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் கோனை இறுக்க வேண்டும். ரிம் மேல் பழி போட வேண்டாம். இரண்டு, டயர் சரியாக உட்காராதது. டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ஓரிடத்தில் உள்ளே மறைந்தோ வெளியே துருத்தியோ இருந்தால், குதிப்பது டயர்தான். காற்றை இறக்கி, கையால் பிசைந்து உட்கார வைத்து, மறுபடி அடித்தால் சரியாகும். மூன்று, ஒரு கம்பி அறுந்திருப்பது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தால் அறுந்தது கையில் ஆடும். பெரும்பாலும் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டில், கம்பி வளையும் இடத்தில்தான் அறுகிறது. புதுக் கம்பி போட்டு இறுக்கியதும் சக்கரம் கிட்டத்தட்ட தானாகவே நேராகிவிடும்.

இம்மூன்றும் இல்லையென்றால்தான் கேள்வி ரிம்முக்கு வருகிறது.

ரிம் நிஜமாகவே வளைந்துவிட்டதா, கம்பிதான் தளர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகள் ரிம்மை இடப்பக்கம் இழுக்கின்றன, வலப்பக்கத்துக் கம்பிகள் வலப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இழுக்கும்வரை ரிம் நடுவில் நிற்கும். இப்போது ரிம் ஓரிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் உள்ள நாலைந்து கம்பிகளை விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டி ஓசை கேளுங்கள்.

வலப்பக்கக் கம்பிகள் தொளதொளவென்று இருந்தால் அவை தளர்ந்ததால்தான் ரிம் இடப்பக்கம் போயிருக்கிறது. ரிம்மில் கோளாறு இல்லை. இறுக்கினால் வேலை முடிந்தது.

இதற்கு நேர்மாறாக, ஒதுங்கிய பக்கமான இடப்பக்கத்துக் கம்பிகள் தளர்ந்தும் வலப்பக்கத்துக் கம்பிகள் விண்ணென்றும் இருந்தால் ரிம் தன் உருவத்தையே இழந்துவிட்டது. வலப்பக்கம் ஏற்கெனவே முழு பலத்தோடு இழுத்தும் அது வரவில்லை. இன்னும் இறுக்கினால் பார்வைக்கு நேராகும். ஆனால் ஒரு பக்கம் கம்பி அறுந்துபோகும் அளவுக்கு விறைத்தும், எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டும் இருக்கும். இப்படி நேராக்கிய சக்கரம் சில வாரங்களில் மறுபடி கோணும், இல்லையேல் கம்பி அறுந்துபோகும். "பெண்டு எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சக்கரங்களே.

ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் இழுவிசை சராசரியிலிருந்து 20 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அளக்கும் கருவி இல்லையென்றால் காது போதும்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கியர் வண்டியின் பின் சக்கரத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தாழ்ந்து ஒலிப்பது இயல்பு. கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விட்டதில், ஹப்பில் கம்பி கோர்க்கும் இரு இடங்களின் நடுவிலிருந்து பார்த்தால் ரிம் வலப்பக்கமாகத் தள்ளி நிற்பதால் அப்படி. அதைக் கோளாறு என்று நினைத்து இறுக்கிவிடாதீர்கள்.

எவ்வளவு கோணல் வரை விட்டுவிடலாம்?

பிரேக்கைப் பொறுத்தது. ரிம்மின் பக்கவாட்டில் ரப்பர் கட்டை பிடிக்கும் பிரேக் என்றால், பக்கவாட்டு ஆட்டம் 1 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. நல்ல கை வைத்தால் அரை மி.மீ.க்குள் கொண்டுவரலாம். டிஸ்க் பிரேக் வண்டியில் ரிம்மை எதுவும் பிடிப்பதில்லை. கம்பிகள் சமமாக இருந்தால் 2 மி.மீ. ஆட்டம் யாருக்கும் தெரியாது.

பழைய கறுப்பு வண்டியின் ராடு பிரேக் கதை வேறு. அதில் கட்டை ரிம்மின் உள்முகத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தை, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அதனால் பக்கவாட்டு ஆட்டத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மேலும் கீழுமான குதிப்பைப் பொறுக்காது: பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு வெட்டும். ராடு பிரேக் வண்டியில் முதலில் குதிப்பையும் பிறகு கோணலையும் பாருங்கள்.

வீட்டிலேயே பெண்டு எடுக்க முடியுமா?

கம்பி தளர்ந்த கோணல் என்றால் தாராளமாக. தேவை: கம்பியின் முனையை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டான நிப்பிளுக்குப் பொருந்தும் நிப்பிள் கீ, கொஞ்சம் எண்ணெய், சாக்பீஸ். கீ தொளதொளவென்று இருந்தால் நிப்பிளின் முனைகள் மழுங்கிப்போகும். அதனால் அளவு பார்த்து வாங்குங்கள்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். டயரில் காற்றை இறக்கிவிடுங்கள். ஃபோர்க்கில் சாக்பீஸை ஊன்றிப் பிடித்து ரிம்மைச் சுழற்றினால், ஒதுங்கிய இடத்தில் மட்டும் கோடு விழும். கோட்டின் நடுவில் இருக்கும் கம்பிகளில் தொடங்குங்கள். இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, பக்கத்திலுள்ள இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். இறுக்கிக்கொண்டே போனால் அந்த இடம் உள்ளே இழுபட்டு ரிம் வட்டம் கெடும், தளர்த்துவது அதற்காகத்தான். ஓரங்களுக்குப் போகப்போக அரைக்கால் சுற்று போதும். சாதாரண 14 கேஜ் கம்பியில், அதாவது 2 மி.மீ. தடிமனில், ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் நகர்வது சுமார் 0.45 மி.மீ. தான். அவசரப்பட்டு இரண்டு சுற்று திருகுகிறவர்கள்தான் சக்கரத்தைக் கெடுக்கிறார்கள்.

எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து நிப்பிளைப் பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே அசைவு எதிர்த்திசையாகத் தெரியும்.

முடிந்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் சேர்த்து நெருக்கிவிடுங்கள். திருகும்போது கம்பிக்குள் ஏறிய முறுக்கு சட்டென்று விடுபடும். அப்போது வரும் டிக் ஓசை நல்லதுதான். பிறகு இன்னொரு முறை சுழற்றிப் பார்த்துத் திருத்துங்கள்.

நிப்பிள் துருப்பிடித்து நகரவே மறுக்கிறது.

எண்ணெயைக் கம்பி நுழையும் இடத்திலும், டயரைக் கழற்றி ரிம்மின் உட்புறத்திலும் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் முதலில் தளர்த்தும் திசையில் சிறிது அசைத்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். ஒன்றிரண்டு நிப்பிள் மட்டும் பிடிவாதம் பிடித்தால் கம்பியை வெட்டிப் புதிது போடலாம். பாதிக்கு மேல் இப்படி என்றால், பெண்டு எடுக்கும் கூலி வீண். அப்படிப்பட்ட சக்கரத்தில் ரிம்மின் ஓட்டைகளும் துருவில் அரித்திருக்கும்.

பள்ளத்தில் இறங்கியதில் ரிம் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது. சரியாகுமா?

பக்கவாட்டுக் கோணலைவிட இது கடினம். காரணம் எளிது: கம்பியால் ரிம்மை உள்ளே இழுக்க முடியும், வெளியே தள்ள முடியாது. தட்டையான இடத்தில் கம்பிகள் எல்லாம், இடமும் வலமும், சேர்ந்து தளர்ந்திருக்கும். அவற்றை இறுக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

ஒற்றைச் சுவர் ரிம்மில், அது இரும்போ அலுமினியமோ, 2 அல்லது 3 மி.மீ. பள்ளம் வரை சரிசெய்ய முயலலாம். டயர், டியூபைக் கழற்றுங்கள். பள்ளத்தைச் சுற்றி ஆறேழு கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள். பள்ளத்தின் இருபுறமும் ரிம்மின் வெளிப்பக்கத்தை மரக்கட்டைகள் மேல் ஊன்றி, பள்ளம் மட்டும் அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். உள்பக்கத்தில் கம்பிகளுக்கு நடுவே இன்னொரு மரத்துண்டை வைத்து அதன்மேல் சுத்தியால் தட்டுங்கள். சுத்தி நேரடியாக ரிம்மில் படக் கூடாது. கொஞ்சம் அதிகமாகவே வெளியே வரவேண்டும். கம்பிகளை இறுக்கும்போது அது உள்ளே வந்து வட்டத்தில் சேரும்.

இரண்டு அடுக்காக, நடுவில் வெற்றுக்கூடு உள்ள இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மில் இது பலிக்காது. உட்கூடு நசுங்கிய பிறகு அதை வெளியிலிருந்து நிமிர்த்த வழியில்லை. மாற்றுங்கள்.

பள்ளத்துக்கு மூல காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு. டயர் அடிவரை அமுங்கி, ரிம் நேரே கல்லில் மோதுகிறது. டியூபில் பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழுந்திருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். கட்டை விரல் சோதனை தடித்த டயரில் ஏமாற்றும்.

டயர் மாட்டும் விளிம்பு மட்டும் மடங்கியிருக்கிறது.

டியூப் போட்ட வண்டியில் சின்ன மடிப்பை நிமிர்த்தலாம். ஸ்க்ரூ ஸ்பேனரின் வாயை விளிம்பின் தடிமனுக்குச் சரியாக வைத்து, நடுவில் துணி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். இரும்பு விட்டுக்கொடுக்கும். அலுமினியம் ஒரு தடவை பொறுக்கும். முன்னும் பின்னும் வளைத்தால் விரிசல் விடும். நிமிர்த்திய இடத்தை வெளிச்சத்தில் பார்த்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் விரிசல். அந்த ரிம்மில் காற்றடிக்க வேண்டாம். ட்யூப்லெஸ் டயர் என்றால், நிமிர்த்தியும் காற்று கசிவது சகஜம்.

சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டது. தரையில் அடித்து நேராக்குகிறார்களே, அது சரியா?

வீடு வந்து சேர மட்டும். சில நேரம் ரிம் நிரந்தரமாக வளையாமல், கம்பிகளின் இழுப்பினால் ஒரே அடியில் எட்டாக மடங்கியிருக்கும். அப்போது வெளியே ஒதுங்கிய இரு இடங்களைத் தரையில் வைத்து, மற்ற இரு இடங்களை அழுத்தினால் டப்பென்று திரும்பிவிடும். கம்பிகளைத் தளர்த்தியதுமே ரிம் தானாக நேரானால் அதைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

உறுதிப்படுத்த ஒரு வழி: கம்பிகளை எல்லாம் கழற்றி, வெறும் ரிம்மை மட்டமான கிரானைட் மேடையில் அல்லது டைல்ஸ் தரையில் படுக்க வையுங்கள். அடியில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், அல்லது ரிம் ஊஞ்சல் போல ஆடினால், விட்டுவிடுங்கள்.

எந்தச் சேதத்துக்கு யோசனையே தேவையில்லை?

நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல். ஓட்டையிலிருந்து முடி போல மெல்லிய கோடு கிளம்பியிருக்கும், அல்லது ஓட்டையைச் சுற்றி ரிம் குமிழ் போல வெளியே உப்பியிருக்கும். இது உலோகக் களைப்பு. ஒரு ஓட்டையில் தெரிகிறது என்றால் மற்றவற்றிலும் தொடங்கிவிட்டது. அடுத்தது, ரிம்மின் இரு முனைகளும் சேரும் மூட்டு விலகியிருப்பது. வால்வுக்கு நேர் எதிரே பார்த்தால் பொதுவாக மூட்டு தெரியும். மூன்றாவது, பிரேக் தேய்த்துத் தேய்த்துச் சுவர் மெலிந்திருப்பது. கார்பன் ரிம்மில் எந்த விரிசலானாலும், நார் பிரிந்திருந்தாலும், ஓட்ட வேண்டாம். கட்டைப் பிரேக்கோடு கார்பன் ரிம் போட்டுக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குகிறவர்கள், கீழே வந்ததும் ரிம்மின் பக்கச் சுவர் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சூட்டில் பிசின் இளகிவிடும்.

வெல்டிங் வைத்தால் என்ன?

வேண்டாம். அலுமினிய ரிம்மில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலமிழந்து, விரிசல் அதன் பக்கத்திலேயே மறுபடி விடும். இரும்பு ரிம்மில் ஒட்டும். ஆனால் கோணும், குரோம் பூச்சு எரிந்து துரு அங்கிருந்தே தொடங்கும். புது இரும்பு ரிம்மின் விலையைப் பார்த்தால் அந்தக் கூலிக்கு அர்த்தமே இல்லை.

பிரேக் பட்டுத் தேய்ந்த ரிம்மை எப்படி அளப்பது?

முதலில் ரிம்மின் பக்கச் சுவரில் சின்னக் குழியோ ஓடும் கோடோ இருக்கிறதா பாருங்கள். பல அலுமினிய ரிம்களில் தேய்மானத்தைக் காட்டவே அதை வைத்திருக்கிறார்கள். அது மறைந்துவிட்டால் ரிம் ஆயுள் முடிந்தது. அப்படி ஒன்று இல்லையென்றால் இரும்பு ஸ்கேலின் ஓரத்தைச் சுவர் மேல் குத்தாக வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்திருக்கிறது. வெர்னியர் காலிப்பரால் நேரடியாக அளக்க முடியாது, ஏனென்றால் டயரைப் பிடிக்கும் விளிம்பு தடித்திருக்கும். 2 மி.மீ. கம்பித் துண்டு இரண்டை எடுத்து, ஒன்றைச் சுவரின் உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்து அளந்து, 4 மி.மீ. கழியுங்கள். 1 மி.மீ.க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். மெலிந்த சுவர் சொல்லிவிட்டு உடையாது. காற்றின் அழுத்தத்தில் பிளந்து வெளியே வரும், பிரேக்கில் சிக்கும், முன் சக்கரமாக இருந்தால் ஆள் தூக்கி எறியப்படுவார்.

மணலும் சேறும் ஒட்டிய பிரேக் கட்டைதான் ரிம்மை அரம் போல் தின்கிறது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கட்டையைத் துடைத்து, அதில் பதிந்திருக்கும் உலோகத் துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள்.

இரும்பு ரிம்மில் துரு. எவ்வளவு வரை பரவாயில்லை?

மேலே படர்ந்த பழுப்புத் துருவைத் தேங்காய் நாரும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்தாலே போய்விடும். பிரேக் கட்டை படும் இடத்தில் எண்ணெய்ப்பசை தங்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். கவலைப்பட வேண்டியது உள்ளே. டியூபைக் கழற்றி, ரிம் டேப்பை உரித்துப் பாருங்கள். திருகாணியால் ஓட்டைகளின் ஓரத்தைச் சுரண்டும்போது செதில் செதிலாக வந்தால், நிப்பிள் ஒருநாள் ரிம்மைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் டயர் மாற்றும்போதெல்லாம் இதைப் பார்ப்பது நல்லது.

கடையில் எந்த அளவு ரிம் கேட்க வேண்டும்?

"26 இன்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். 26 × 1⅜ டயருக்கு ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 590 மி.மீ.; 26 × 1.95 போல தசமத்தில் எழுதிய டயருக்கு 559 மி.மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று சேரவே சேராது. பின்னமும் தசமமும் வேறு வேறு அளவு என்று மனதில் வையுங்கள். கறுப்பு வண்டியின் 28 × 1½ என்பது 635. 700சி மற்றும் 29 இன்ச் இரண்டும் 622, 27.5 இன்ச் 584. 24 இன்ச் மலைவண்டி வகை 507. பழைய டயரின் ஓரத்தில் 40-635 என்பது போல ஒரு ஜோடி எண் இருக்கும். இரண்டாவது எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள், தவறு நேராது.

அடுத்தது ஓட்டைகளின் எண்ணிக்கை. ஹப்பில் எத்தனையோ ரிம்மில் அத்தனை. 28, 32, 36 பரவலானவை. கறுப்பு வண்டியில் முன்னால் 32, பின்னால் 40. மூன்றாவது ரிம்மின் உள் அகலம்: டயரின் அகலம் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் நன்றாக உட்காரும். ராடு பிரேக் வண்டிக்கு அதற்கே உரிய, உள்முகத்தில் பிரேக் படும் தோள் உள்ள ரிம்தான் வேண்டும். பளபளப்பாக இருக்கிறதே என்று அலுமினிய ரிம் வாங்கினால் பிரேக் பிடிக்க இடமே இருக்காது.

பழைய கம்பிகளையே புது ரிம்மில் மாற்றலாமா?

புது ரிம் அதே மாடல் என்றால், அல்லது நிப்பிள் உட்காரும் விட்டம் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால், மாற்றலாம். விட்டம் 2 மி.மீ. மாறினால் கம்பி நீளத்தில் 1 மி.மீ. வித்தியாசம் வரும், அதற்கு மேல் என்றால் மரை போதாது, அல்லது கம்பி நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும். கழுத்தில் வெட்டு விழுந்த, வளைந்த கம்பிகளை விலக்குங்கள். ஏற்கெனவே மூன்று கம்பி அடுத்தடுத்து அறுந்த சக்கரம் என்றால் எல்லாமே புதிதாகப் போடுவதுதான் சிக்கனம்.

முறை சுலபம். இரண்டு ரிம்மையும் வால்வு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்று வரும்படி பக்கம் பக்கமாக வைத்து நாலு இடத்தில் டேப் சுற்றுங்கள். பழைய கம்பிகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றாகப் பக்கத்து ரிம்முக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஓட்டைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சற்று ஒதுங்கியிருக்கும். வால்வுக்கு அடுத்த ஓட்டை இரண்டு ரிம்மிலும் ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மாறியிருந்தால் ரிம்மைத் திருப்பிப் போட்டாலும் மாறாது. ஒரு ஓட்டை தள்ளித்தான் கோர்க்க வேண்டும். அப்போது வால்வு குறுகலான இடத்தில் வந்து பம்பு மாட்டச் சிரமம் தரும், ஆனால் ஓடும்.

ரிம் மட்டும் வாங்குவதா, முழுச் சக்கரமா?

ஹப்பைக் கையில் எடுத்து அச்சைச் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைப்பது போல் இருந்து, பால்ரஸும் கோனும் மாற்றிய பின்னும் போகவில்லை என்றால் ஹப் கிண்ணம் தேய்ந்துவிட்டது. அப்போது முழுச் சக்கரம் வாங்குங்கள். மலிவான கியர் வண்டியில் ரிம், புதுக் கம்பி, கட்டும் கூலி மூன்றும் சேர்ந்து முழுச் சக்கரத்தின் விலையை எட்டிவிடுவதும் உண்டு. கடையில் இரண்டு விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நல்ல ஹப், டைனமோ ஹப், மோட்டார் ஹப் இருந்தால் ரிம் மட்டும்தான்.

பின் கேரியரில் பாரம் ஏற்றும் வண்டிக்கு வேறு கணக்கா?

ஆம். வீட்டு சமையல் கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 30 கிலோ. பால் கேன், இளநீர்க் குலை எல்லாம் பின் சக்கரத்தின் மேல்தான். இப்படிப்பட்ட வண்டியின் பின் ரிம்மில் "பார்த்து ஓட்டலாம்" என்ற சலுகை வேண்டாம். கம்பி இழுவிசை சமமாக வரவில்லை என்றால் மாற்றுங்கள். நிமிர்த்திய ரிம் பாரமில்லாத முன் சக்கரத்துக்குப் போகட்டும் என்று சிலர் மாற்றிப் போடுவார்கள். ஓட்டை எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் அது நடக்கும். கறுப்பு வண்டியில் நடக்காது. விரிசல் விட்ட ரிம்மை முன்னால் போடவே கூடாது.

புது ரிம் கட்டி வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று முதலில். முன் சக்கரத்தைக் கழற்றி, இட வலம் மாற்றி ஃபோர்க்கில் வையுங்கள். இருமுறையும் ரிம் ஃபோர்க்கின் இரு கால்களிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ரிம் டேப் எல்லா ஓட்டைகளையும் மூடியிருக்கிறதா, எந்தக் கம்பி முனையாவது நிப்பிளைத் தாண்டி நீட்டியிருக்கிறதா என்று டயர் போடும் முன்பே பாருங்கள். நீட்டியிருந்தால் அரத்தால் தேய்த்துவிடலாம். பழைய பிரேக் கட்டை பழைய ரிம்மின் குழிவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். முதல் 50 கி.மீ. ஓடியதும் கம்பிகள் கொஞ்சம் தளரும். அப்போது கடைக்குத் திரும்பக் கொண்டுபோய் ஒரு சுற்று இறுக்கி வாங்க வேண்டும். கட்டும் கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.